லிண்ட்சே கொண்டுவராத நானூறு லிட்டர்

லிண்ட்சே பாஸ்கோவைப் பற்றி விர்ரபில்லா ஓடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொன்னால் என்னைக் கொஞ்சம் காப்பாற்றித்தான் சொல்வார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் க்ளெனிஸ் தீலி. வயது அறுபத்தொன்பது. முப்பத்தொரு வருஷம் ஒரு பள்ளிக்கூட கேன்டீனை நடத்தியவள். கை கழுவாமல் ரொட்டியைத் தொட்ட டீச்சர்களையே வெளியே நிறுத்தியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் செய்த காரியத்துக்கு, பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காகச் சாக்குச் சொல்லக் கூடாது.

விர்ரபில்லாவில் மணலும் தைல மரமும்தான் உண்டு. ஓடை என்பது பேருக்குத்தான். குளிர்காலம் தொடங்கினால் எங்களைப் போல வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள் கேரவனை, அதாவது சக்கரம் வைத்த வீட்டை, காரில் இழுத்துக்கொண்டு வந்து மாதக்கணக்கில் கிடப்போம். கரண்டுக்குக் கூரையில் சூரியத் தகடு, சமையலுக்கு கேஸ். தண்ணீர்தான் பாடு. ஒரு கேரவன் தொட்டியில் எண்பது லிட்டர் பிடிக்கும். பக்கத்துப் பண்ணைக்காரர் ஆடுகளுக்கு விடுகிற போர் தண்ணீர் உண்டு, ஆனால் அதில் சோப்பு நுரைக்காது, டீ போட்டால் கஷாயம். நல்ல தண்ணீருக்கு அறுபது கிலோமீட்டர் புழுதிச் சாலையில் ஊருக்குப் போக வேண்டும். கேரவனையும் கட்டி இழுத்துக்கொண்டு போனால் திரும்பி வரும்போது நிழலான இடத்தில் வேறொருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

லிண்ட்சே வந்த பிறகு எங்களில் யாரும் கேரவனை நகர்த்தவில்லை. அவருடைய பிக்கப் வண்டியின் பின்னால், ஆமை ஓடு போல உப்பிக் கிடக்கும் ஒரு பெரிய தண்ணீர்ப் பை. நானூறு லிட்டர். வாரம் ஒருமுறை ஊருக்குப் போய் அதை நிரப்பிக்கொண்டு வந்து, வண்டி பேட்டரியில் ஒரு சின்ன மோட்டாரை மாட்டி, ஒவ்வொரு கேரவன் பக்கமாக நிறுத்தி எண்பது எண்பதாக ஊற்றிவிட்டுப் போவார். அவருடையதையும் சேர்த்து நாங்கள் ஐந்து கேரவன். கணக்கு சரியாக இருக்கும். யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. ஒரு கேக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். நன்றி சொன்னால் காது கேட்காதவர் மாதிரி ஹோஸைச் சுருட்டுவார்.

அந்த ஹோஸ் விஷயத்தில்தான் மனுஷர் படுத்தி எடுப்பார். ஊர்க் குழாயில் பிடிக்க ஒன்று, மோட்டாரிலிருந்து எங்கள் தொட்டிக்கு ஊற்ற ஒன்று. இரண்டுக்கும் நுனியில் மூடி. ஊர் ஹோஸுக்குத் தலையணை உறையில் தனிக் குடித்தனம். நுனி தரையில் பட்டுவிட்டால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மறுபடி கழுவுவார். டல்சி என்று ஒருத்தி, இரண்டு நாய்களோடும் ஒரு புருஷனோடும் இருப்பவள், "குழந்தையக்கூட இவ்வளவு பொத்திப் பொத்தி வளர்த்திருக்க மாட்ட லிண்ட்சே" என்பாள். அதில் அதிகம் சிரித்தது நான்தான்.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. ரயில்பாதை பழுது பார்க்கிறவர் ஒருவருக்குப் பிறந்த பிள்ளை அவர். ஆறு வீடுகள் மட்டும் உள்ள ஒரு நிறுத்தத்தில் வளர்ந்தார். குடிக்கிற தண்ணீர் வாரம் ஒரு ரயிலில் தொட்டி வண்டியில் வரும். ஏழு வயதில் ஒருநாள் விளையாட்டு மும்முரத்தில் வீட்டுத் தொட்டியின் குழாயைச் சரியாக மூடாமல் போய்விட்டார். அடுத்த ரயிலுக்கு நான்கு நாள் இருந்தது. அப்பா அடிக்கவில்லையாம். கையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, ஐந்து வீட்டுக்கும் நீயே போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார். ஐந்து வீட்டிலும் கொடுத்தார்கள், ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்பார்.

பெரியவரானதும் சாலை போடுகிற கும்பலோடு தண்ணீர் லாரி ஓட்டப் போனார். இருபத்தொன்பது வருஷம். சாலைக்குத் தெளிக்க ஒரு தொட்டி, ஆட்கள் குடிக்க ஒரு தொட்டி. இரண்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை. ஓய்வு பெற்றதும் மனைவி வெர்னாவும் அவரும் கேரவன் வாங்கினார்கள். முதல் குளிர்காலத்திலேயே கல் தெறித்துத் தொட்டி உடைந்து நடுவழியில் நின்றபோது, முன்பின் தெரியாத மூன்று பேர் தங்கள் தொட்டியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாரமே பெரிய பையை வாங்கச் சொன்னது வெர்னாதான். அடுத்த வருஷம் வெர்னா இறந்துபோனாள். லிண்ட்சே பையோடு சுற்றிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் இல்லை. வேறு பெருமையும் கிடையாது. இவர் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம் என்று சாலை நெடுக ஒரு பேர், அந்த மனிதரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

போன வருஷம் ஜூலையில், எங்கள் பக்கம் நடுக் குளிர்காலத்தில், கேரவன் கொக்கியை மாட்டிப் பார்க்கும்போது அவருக்கு இடது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. கியர் போட முடியாது. ஐந்து கேரவனிலும் தொட்டி அடியைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் போகிறேன் என்று முன்வந்தேன். சாவியைக் கொடுத்தவர் சும்மா விட்டாரா? நுனி தரையில் படக் கூடாது, முதலில் இரண்டு நிமிஷம் தண்ணீரை ஓடவிடு, மூடியை வாயில் கடித்துக்கொள்ளாதே என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. யாருக்கு யார் பாடம் நடத்துவது என்று நினைத்தேன். தலையணை உறையோடு ஹோஸை வாங்கி, என் கேரவன் துணிப் பந்தலுக்கு அடியில் நாற்காலி மேல் போட்டுவிட்டுக் கைப்பை எடுக்க உள்ளே போனேன். அதே எரிச்சலோடு வந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஹோஸ் நாற்காலியிலேயே கிடந்தது.

ஊரில் பயணிகளுக்கு என்று ஒரு திடல் இருக்கிறது. முன்பக்கம் நல்ல தண்ணீர்க் குழாய், ஹோஸ் நம்முடையதைக் கொண்டுபோக வேண்டும். பின்பக்கம் கேரவன் கக்கூஸ் பெட்டிகளைக் கொட்டிக் கழுவும் இடம். அங்கே ஒரு குழாயும் அதிலேயே மாட்டிய ஒரு ஹோஸும் உண்டு. மேலே "குடிப்பதற்கு அல்ல" என்று பலகை. தண்ணீர் என்னவோ ஒரே ஊர்த் தண்ணீர்தான். ஆனால் அந்த ஹோஸின் நுனியை எல்லோரும் எங்கே விட்டுக் கழுவுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கேரவன் ஜனங்களுக்குள் அந்த ஹோஸில் குடிதண்ணீர் பிடித்தவர்களைப் பற்றிக் கதை சொல்லிச் சிரிப்பார்கள். புதிதாக வந்த அரைகுறைகள்தான் அப்படிச் செய்வார்கள் என்று நானே எத்தனையோ தடவை வாயடித்திருக்கிறேன்.

நான் போனபோது முன்பக்கம் ஆறு கேரவன் வரிசையில் நின்றது. அப்போதுதான் ஹோஸை விட்டுவந்தது தெரிந்தது. யாரிடமாவது இரவல் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவு திமிர். அன்று சனிக்கிழமை வேறு, பன்னிரண்டு மணிக்கு ரொட்டிக் கடை மூடிவிடுவார்கள், கறியும் கிழங்கும் அடைத்த பேஸ்டி தீர்ந்துவிடும். வண்டியைப் பின்பக்கம் ஓட்டிப் போனேன். ஐந்து நிமிஷம் தண்ணீரைத் திறந்து ஓடவிட்டேன், நுனியை ஈரத் துணியால் துடைத்தேன், யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அதைப் பையில் செருகினேன். பேஸ்டி கிடைத்தது. லிண்ட்சேக்கும் ஒன்று வாங்கினேன்.

திரும்பி வந்ததும் நாற்காலியில் கிடந்த தலையணை உறை மேல் என் கேனிலிருந்து கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தேன். உபயோகித்தது போல இருக்கட்டும் என்றுதான். அதை அவர் வண்டிக் கொக்கியில் மாட்டிவிட்டேன். இதை எழுதும்போது என் முகம் எனக்கே கூசுகிறது. மற்றதை அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தத் தெளித்த தண்ணீருக்கு என்ன பேர் சொல்வது?

லிண்ட்சே ஒற்றைக் கையால் மோட்டாரை மாட்டி, என்னுடையதையும் சேர்த்து ஐந்து தொட்டிக்கும் ஊற்றினார். எல்லாம் முடிந்து, ஹோஸ்களைச் சுத்தம் பண்ண உட்கார்ந்தவர் எழுந்து என் பந்தலுக்கு வந்தார்.

"க்ளெனிஸ், எந்த ஹோஸ்ல புடிச்ச?"

"உன்னோடதுலதான். பின்ன என்ன, வாயில உறிஞ்சிக்கிட்டா வந்தேன்?"

"மேல ஈரமா இருக்கு. உள்ள காஞ்சு கெடக்கே."

"ஊதி உதறிட்டுத்தான் கொண்டாந்தேன். நீதானய்யா அவ்வளவு நேரம் பாடம் எடுத்த."

"சரிம்மா. தப்பா எடுத்துக்காத," என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தேகப்பட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார். அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. யாரும் இன்னும் ஒரு வாய் குடித்திருக்கவில்லை. சொல்லியிருந்தால் ஐந்து தொட்டியையும் மணலில் திறந்துவிட்டிருப்போம், என்னை ஒரு மாசம் வைத்து ஓட்டியிருப்பார்கள், அதோடு போயிருக்கும். நான் பேஸ்டி ஆறுகிறது, சாப்பிடு என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. முதலில் டல்சியின் புருஷன், பிறகு டல்சி, பிறகு வைஆலாவிலிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவதும் வருவதுமாக இருந்தார்கள். லிண்ட்சேயும் இரண்டு நாள் சுருண்டு கிடந்தார். என்னைப் பார்த்து டல்சி, கேன்டீன்காரி வயிறு இரும்பு வயிறு என்று கிண்டல் பண்ணினாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

புதன்கிழமை லொரெய்ன் ஹேடோ எழுந்திருக்கவில்லை. அவளுக்கு எழுபத்து நான்கு வயது, இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கிட்னியை எடுத்திருந்தார்கள். எங்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புருஷன் வார்விக் அவளைப் போர்வையில் சுற்றிக் காரில் படுக்கவைத்து ஊருக்கு ஓட்டினார். அங்கிருந்து ஆம்புலன்ஸில் போர்ட் அகஸ்டா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரவர் நாற்காலியையும் அவரவர் கிளாஸையும் தூக்கிக்கொண்டு வந்து நெருப்பைச் சுற்றி உட்காருவது எங்கள் வழக்கம். வியாழக்கிழமை வார்விக் மாற்றுத் துணி எடுக்க வந்தவர் நேரே அங்கே வந்தார். தண்ணீரில்தான் கோளாறு, வேறு எதையும் எல்லோரும் பொதுவாகச் சாப்பிடவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். அந்த வாரம் தண்ணீர் பிடித்து வந்தது நான் என்று தெரிந்தும், அதே ஊர்க் குழாய்தானே என்று யாரும் என்னை நினைக்கவில்லை. வார்விக் குரலை உயர்த்தாமல்தான் பேசினார். அந்தப் பை வருஷக்கணக்கில் வெயிலில் வேகிறது, அதற்குள் என்ன புழு பூச்சி இருக்கிறதோ, ஊருக்கெல்லாம் நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டு எங்களைப் படுக்கவைத்துவிட்டாய் என்றார்.

லிண்ட்சே என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. சொல்லேன் என்று காத்திருந்தார். எல்லோரும் யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று இருந்த அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"அந்தப் பை வெயில்லயேதான் கெடக்கு. நானே ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன்."

பாவி, நான்தான் சொன்னேன். டல்சி தலையாட்டினாள். கேன்டீன் நடத்தினவள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? லிண்ட்சே குனிந்து தன் கிளாஸைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டார். "என் கையால ஊத்துனது. வேற யாரையும் கேக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் பையைப் பிளீச்சிங் போட்டு மூன்று முறை அலசினார். பிறகு ஒவ்வொரு கேரவனாகப் போய், தொட்டிகளையும் கழுவித் தருகிறேன் என்று கேட்டார். ஏழு வயதில் பாத்திரத்தோடு போனவர் எழுபத்தொரு வயதில் பிளீச்சிங் பாட்டிலோடு போனார். அண்ணன் தம்பி, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். டல்சி உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை. என்னிடமும் வந்தார். வேண்டாம் லிண்ட்சே என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நாய்களைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மத்தியானம் பந்தலைச் சுருட்டிக் கேரவனை வண்டியில் மாட்டத் தொடங்கினார். அந்தக் கையோடு.

அவர் போய்விட்டால் நல்லது என்றுதான் எனக்குப் பட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன். போனால் வேறு ஓடையில் வேறு ஐந்து பேருக்கு ஊற்றுவார், என் விஷயமும் அவரோடு போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வார்விக் திரும்பி வந்தார். லொரெய்ன் தப்பித்துவிட்டாள், இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருக்க வேண்டும் என்றார். டல்சி அழுதாள். வார்விக் போனை எடுத்துக் காட்டினார். அதில் லிண்ட்சேயின் வண்டி, பின்னால் பை, நம்பர் தெளிவாகத் தெரிந்தது. கேரவன்காரர்கள் முப்பதாயிரம் பேர் இருக்கிற குழுவில் போடப் போகிறாராம்.

"மேட்டுக்குப் போனா சிக்னல் கெடைக்கும். இவன் கையால இனிமே எங்கயும் ஒருத்தரும் ஒரு சொட்டு வாங்கக் கூடாது," என்று எழுந்தார்.

லிண்ட்சே தன் கேரவன் பக்கத்தில் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்கிற தூரம்தான். கை நின்றது, திரும்பவில்லை. அவரிடம் இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான் என்று மேலே சொன்னேன் அல்லவா. அது போய்விட்டால் அந்த மனிதர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு எங்கே போவார்? நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"வார்விக், உக்காரு. அந்தத் தண்ணிய நான்தான் தப்பான எடத்துல புடிச்சுக் கொண்டாந்தேன்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஹோஸை மறந்தது, வரிசை, பேஸ்டி, பின்பக்கத்துக் குழாய், தெளித்த தண்ணீர், லிண்ட்சே கேட்டபோது சொன்ன பொய், நேற்று பையைப் பற்றிச் சொன்னது. வார்விக் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். கெட்ட வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அண்ணன் தம்பியில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

டல்சிதான் முதலில் பேசினாள். அவள் மனசு அப்படி. ஒரே ஊர்க் குழாய்தானே, ஓடவிட்டுத் துடைத்திருக்கிறாள், ஒன்றும் ஆகாது என்று நினைத்திருப்பாள், அவசரத்தில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்றாள். ஆமாம் டல்சி, ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன் என்றேன். வார்விக்கின் தோள்கூடக் கொஞ்சம் இறங்கியது. எனக்கு மூச்சு வந்தது. இத்தோடு முடிந்துவிடும், இரண்டு நாள் திட்டுவார்கள், அழுது தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. எனக்கு அழுகையும் வந்தது.

லிண்ட்சே கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து நெருப்புக்கு அந்தப் பக்கம் நின்றார். "க்ளெனிஸ், உன் தொட்டிலயும் எம்பது லிட்டர் ஊத்துனேன். அதுல நீ டீ போட்டியா?" என்றார்.

எல்லோரும் என் வயிற்றைப் பார்ப்பது போல இருந்தது. பொய் சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றேன். "எங்கிட்ட ரெண்டு கேன் பழைய தண்ணி இருந்துச்சு. அதத்தான் குடிச்சேன்."

"சனிக்கெழமையிலேந்தா?"

"சனிக்கெழமையிலேந்துதான்."

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார்.

டல்சி எனக்காக நிமிர்த்தி வைத்த நாற்காலியை விட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். நான் நின்றுகொண்டே, ஆமாம், தெரியும் என்றேன்.